லாரி கேட்டைத் தாண்டவில்லையாம்!

பெயர் என்னவோ ‘மரைன் பாலிசி’. ஆனால் பம்மல், நாகல்கேணி, திருமுடிவாக்கம் பக்கத்துச் சிறுதொழில்காரர்கள் இந்தப் பெயரில் எடுக்கும் பாலிசிகளில் பல, கடலைக் கண்ணால்கூடப் பார்க்காதவை. ராணிப்பேட்டைக்கு லாரியில் போகும் சரக்குக்கும் இதே பெயர்தான். அந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பது சரக்கு கெட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது. இது இன்று நேற்றைய குறை அல்ல.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முந்தைய நாள் மாலையே முடிச்சூரில் எங்கள் ஷெட் வாசலில் லாரியில் தோல் கையுறைப் பெட்டிகளை ஏற்றி, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. விடிந்தால் புறப்பட வேண்டியது. இரவில் அடையாறு உள்ளே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு கீழ் வரிசைப் பெட்டியைத் தூக்கினால் அடிப்பாகம் தரையிலேயே தங்கிவிட்டது. நான்காம் நாள் தோலில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது.

துறைமுகத்தில் நனைந்த சரக்கென்றால், சர்வேயர் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டு, பால்போல வெளுத்தால் கடல்நீர் என்பார். எங்களுக்கு அந்தச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. “சரக்கு கிடங்கை விட்டுக் கிளம்பினால்தான் பாலிசி தொடங்கும், லாரி கேட்டைத் தாண்டவில்லையே” என்று காப்பீட்டு நிறுவனத்தார் கைவிரித்தார்கள். தீ விபத்துப் பாலிசியில் கேட்டால், “கட்டடத்துக்குள் இருந்தால்தானே? வண்டியில் ஏற்றிவிட்டீர்களே!” இரண்டு பிரீமியம் கட்டியும், கட்டடத்துக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த இருபதடிக்குக் காப்பீடே இல்லாமல் போனது.

இந்த இடைவெளி உலகம் அறிந்ததுதான். லண்டனில் வகுக்கப்பட்ட சரக்குக் காப்பீட்டு விதிகள் 1982-இல் ‘கிடங்கை விட்டுக் கிளம்பும் நேரம்’ என்றன. 2009-இல், உடனே ஏற்றுவதற்காகக் கிடங்குக்குள் சரக்கை முதலில் நகர்த்தும் நேரத்திலேயே பாதுகாப்பு தொடங்கும் என்று மாற்றிக்கொண்டன. எங்கள் உள்நாட்டு லாரிப் பாலிசியில் பழைய வாசகமே நின்றது.

அடுத்தது, லாரிப் பாலிசியில் உள்ள ஏ, பி, சி என்ற பாதுகாப்புப் பிரிவுகள். பிரீமியம் குறைவு என்று ‘பி’ பிரிவை எடுத்துக்கொடுப்பார்கள். தீ, மின்னல், பாலம் இடிதல், மோதல், வண்டி கவிழ்தல், தடம் புரளுதல் எல்லாம் அதில் உண்டு. வெள்ளம் இல்லை. தார்ப்பாய்க் கிழிசலில் இறங்கும் மழைநீரும் இல்லை. பெருங்களத்தூரில் தண்ணீர் தேங்கி இரண்டு நாள் வண்டி நின்றால், தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று 1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். கையெழுத்து வாங்கும்போது அந்தப் பிரிவை யாரும் காட்டுவதில்லை.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சிறப்பு முகாம், விரைந்த தீர்வு, எளிய பாலிசி என்று வாக்குறுதிகள் வந்தன. மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், அதே கேள்விகளோடு அதே வரிசையில் நின்றோம். பாலிசியின் வாசகம் இருபொருள் தந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. 2022-இல் ஓர் ஏற்றுமதியாளரின் காப்பீட்டு வழக்கில், சரக்கு ‘அனுப்பிய தேதி’ எது என்ற சர்ச்சையில், உச்ச நீதிமன்றமும் இந்த நெறியைக் கொண்டே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் எட்டுப் பேர் வேலை செய்யும் ஷெட்காரர் டெல்லி வரை போக முடியுமா?

மருத்துவக் காப்பீட்டுக்கு 2024 ஜனவரி முதல் எளிய நடையில் தகவல் சுருக்கத் தாள் கட்டாயமானது. மனமிருந்தால் அதிகாரிகளால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. லாரிப் பாலிசிக்குத் தமிழில் அப்படி ஒரு தாளை நான் கண்டதில்லை. பாதுகாப்பு எந்த நிமிடம் தொடங்குகிறது, ஏற்றி நிறுத்திய வண்டிக்கு உண்டா, வெள்ளமும் மழைநீரும் சேருமா, சேர்க்க எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்ற நான்கையும் தமிழில் முதல் பக்கத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் புதுப்பிக்கும் பாலிசிகளிலாவது அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.