பேனல் எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு அலுவலகங்களில் கோப்பு நகர்வதில்லை, கிளார்க்குகள் அசைந்து கொடுப்பதில்லை என்று உங்கள் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த கிளார்க்கின் சொந்தப் பதவி உயர்வுக் கோப்பு எத்தனை காலமாக நகராமல் கிடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். பணியில் இருப்பவர் எழுதினால் நடத்தை விதி குறுக்கே நிற்கும். நான் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், எழுதலாம்.

குரூப்-4 தேர்வில் லட்சக்கணக்கானோரோடு மோதித் தேறித்தான் ஒருவர் இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ உள்ளே வருகிறார். வந்த பிறகும் பரீட்சை விடுவதில்லை. மே, டிசம்பரில் துறைத் தேர்வுகள், பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி. இவற்றை முடித்தால்தான் உதவியாளர் பதவிக்குத் தகுதி. நியாயம்தான், குறை சொல்ல மாட்டேன். முடித்தவர்களின் பேனலை, அதாவது பதவி உயர்வுக்குரியோர் பட்டியலை, ஆண்டுதோறும் காலத்தில் வெளியிடுவது அரசின் வேலை. பல துறைகளில் அதுதான் நடப்பதில்லை.

பணியமைப்புப் பிரிவில் இருந்தவன் என்பதால் இது எங்கே சிக்கும் என்று தெரியும். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் பணி விவரம், துறைத் தேர்வு தேறிய நாள், விதி 17(ஆ)-இன் கீழ் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு நிலுவையில் இல்லை என்ற சான்று எல்லாம் கீழ் அலுவலகங்களிலிருந்து வர வேண்டும். எல்லோரும் அனுப்பி ஒரே ஒரு அலுவலகம் அனுப்பாவிட்டாலும் பட்டியல் நிற்கும். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, பிறகு நேர்முகக் கடிதம். இதற்குள் பிரிவு எழுத்தர் மாறுதலில் போயிருப்பார். புதியவர் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படிப்பார். அடுத்து முதுநிலைப் பட்டியலுக்கு ஆட்சேபணை. இறந்துபோனவர் பெயரை எடுக்காமலே சுற்றுக்கு விட்ட பட்டியலில் நானே கையெழுத்துப் போட்டுப் பெற்றிருக்கிறேன். யாராவது ஒருவர் நீதிமன்றம் போனால் அவர் ஒருவர் இடத்தை நிறுத்தி வைத்து மற்றவர்களை ஏற்றிவிடலாம். ஆனால் மொத்தத்தையும் மூட்டை கட்டி வைப்பதே வழக்கம். எங்கள் துறையில் ஓராண்டின் பேனல் வெளியானபோது மறு ஆண்டுப் பேனலுக்குத் தகுதி கணக்கிடும் நாளே கடந்திருந்தது. இடையில் ஓய்வுபெற்றவர் மனு மேல் மனு போட்டால் ‘கருத்தியலாக’ ஒரு பதவி உயர்வு கிடைக்கலாம். நிலுவைத் தொகை கிடையாது.

இதில் பொதுமக்களுக்கு என்ன என்று கேட்கலாம். பேனல் வராத வரை உதவியாளர் இடம் காலி. பக்கத்து இருக்கைக்காரர் கூடுதல் பொறுப்பாக இரண்டு இருக்கையைப் பார்க்கிறார். உங்கள் மனு அந்த இரண்டாவது இருக்கையில் இருக்கிறது.

தட்டச்சர் பாடு இன்னும் மோசம். இ-ஆபீஸ் வந்தபின் எல்லோரும் அவரவர் குறிப்பை அவரவரே அடிக்கிறார்கள். தட்டச்சரை மட்டும் எக்செல் அறிக்கைகளோடு கட்டிப்போட்டு, கோப்பு நடத்தவே விடுவதில்லை. பல ஆண்டு கழித்து உதவியாளராக உயர்ந்த அன்றே ஒரு கட்டுக் கோப்பைத் தள்ளி, ‘ஒரு குறிப்பு எழுதத் தெரியவில்லையே’ என்று ஏசுவார்கள்.

ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 4, 9, 13 ஆண்டுகளில் அடுத்தடுத்த ஊதிய நிலை உண்டு. ஜனவரி 1-ஐ ஒட்டி ஆணை வந்துவிடும். அதற்கு நினைவூட்டு இரண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கும் ஒரே பதவியில் 10 ஆண்டு இருந்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு இருந்தால் சிறப்பு நிலை. கொஞ்சம் பணம் கூடும். நாற்காலியும் வேலையும் அதேதான். ஒருவர் 20 ஆண்டு ஒரே பதவியில் கிடப்பார் என்று அரசே எதிர்பார்த்து விதி எழுதி வைத்திருக்கிறது. அதைச் சலுகை என்று வேறு சொல்கிறார்கள். போதாக்குறைக்கு ஓய்வு வயதை 2020-இல் 59, 2021-இல் 60 என்று உயர்த்தினார்கள். மேலே காலியிடம் விழாமல் கீழே இருந்தவர்கள் இரண்டு ஆண்டு அப்படியே நின்றார்கள். அதற்கு ஈடு செய்ய எந்த யோசனையும் வந்ததாகத் தெரியவில்லை.

ஆளில்லை, நேரமில்லை என்ற சாக்கும் இனி செல்லாது. பணிப்பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. சம்பளம், விடுப்பு எல்லாம் களஞ்சியம் மென்பொருளில்தான் நடக்கிறது. ஒருவர் சேர்ந்த நாள் அதில் இருக்கிறது. துறைத் தேர்வு முடிவை வெளியிடுவது டி.என்.பி.எஸ்.சி. பிறகு எதற்கு அதே விவரத்தைப் படிவம் போட்டு ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்? மனிதவள மேலாண்மைத் துறை, ஒவ்வொரு துறையின் முதுநிலைப் பட்டியலையும் பேனலையும் இணையதளத்தில் தேதியோடு போட வேண்டும். விவரம் அனுப்பாத அலுவலகம் எது, தலைமை அலுவலர் யார் என்பதையும் அதன் கீழேயே போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
திருநெல்வேலி மாவட்டம்.