தெர்மாமீட்டர் சொல்லாத சூடு!

"உங்களுக்கு என்ன, கடற்கரை ஊர்! ஜிலுஜிலு காத்து!" முட்டத்துக்காரர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சொல்லும் வார்த்தை இது. சித்திரை மாதம் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லட்டும்!

தெர்மாமீட்டர் 32 டிகிரிதான் காட்டும். ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரியும் புழுக்கம் விடாது.

காரணம் என்ன? வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது, வழியத்தான் செய்யும். கருவாடு போடும் பெண்களைக் கேளுங்கள். ஈரக்காற்று அடிக்கிற அன்று மீன் லேசில் காயாது. மீனுக்கு உள்ள நியாயம்தானே மனுஷனுக்கும்?

இதற்குக் கணக்கும் உண்டு. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பது 'வெப்பக் குறியீடு'. 32 டிகிரி வெயில், 70 சதவீத ஈரப்பதம் என்றால் உடம்புக்குத் தெரிவது சுமார் 40 டிகிரி! ஈரப்பதம் 20 சதவீதமே உள்ள வறண்ட ஊரில் 40 டிகிரி அடித்தாலும், உடம்புக்குத் தெரிவது 39 டிகிரிதான். இதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. வெயிலில் கூடை சுமப்பவர் பாடு இன்னும் மோசம்.

வானிலைத் துறையின் விதி என்ன சொல்கிறது? கடலோர ஊரில் 'வெப்ப அலை' என்று அறிவிக்க 37 டிகிரி தொட வேண்டும். அதுவும் வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். கடல் காற்று பாதரசத்தை அவ்வளவு ஏற விடுமா?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அதற்குப் பலியானால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் 32 டிகிரியில் சுருண்டு விழுகிற மீன்காரம்மாவுக்கு அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரும்?

வானிலை அறிக்கையோ, "அசௌகரியம் ஏற்படலாம்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறது. அசௌகரியமாம்!

இந்திய வானிலை ஆய்வுத் துறை 2023-ல் வெப்பக் குறியீட்டைப் பரிசோதனையாக வெளியிடத் தொடங்கியது. பரிசோதனை போதும். கடலோர மாவட்டங்களுக்கு அந்தக் குறியீட்டை வைத்தே எச்சரிக்கை கொடுக்க வேண்டும். ஏலம் நடக்கும் இடங்களில் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும்.

அதிகாரிகள் பாதரசத்தை மட்டும் பார்த்தால் போதாது. வேர்வையையும் பார்க்கட்டும்!