நூல்நிலையமும் ஊரும்

நூல்நிலையம் என்பது நூல்களை வைத்துக் காக்கும் இடம் என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் வேரூன்றியே நிற்கின்றது. காத்தல் வேண்டியதே, காவாது விட்டமையால் நாம் இழந்தவை எத்துணை என்பதை ஏட்டுச்சுவடி தேடி வீடு வீடாக ஏறியிறங்கினோர் அறிவர். ஆயினும், பூட்டிய அலுமாரியின் கண்ணாடிக்குள்ளே ஆண்டுக்கணக்காக நிற்கும் நூல், செல்லரித்த நூலினும் எவ்வாற்றாற் சிறந்தது என்று ஒருவர் வினவின் விடை கூறுதல் எளிதன்று. நம் பாடசாலைகள் பலவற்றில் அதிபரின் அறைக்கருகே இத்தகைய அலுமாரிகள் உள. திறவுகோல் யாரிடம் இருக்கின்றது என்பதை அறிவதற்கே ஒரு முற்பகல் கழிந்துவிடும்.

ஒக்ரோபர் மாதம் நம் நாட்டில் வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்பெறுகின்றது. கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, நூற் கண்காட்சி, பரிசளிப்பு யாவும் ஒழுங்காக நடைபெறுகின்றன. அவற்றைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆனால், வாசிப்பின் சிறப்பைப் பற்றி மனனஞ் செய்து பேசிப் பரிசு பெறும் பிள்ளையிடம் நூல்நிலைய அங்கத்துவ அட்டை உண்டா என்று பரிசளிக்கும் பெரியார் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக. நவம்பர் பிறந்தபின் நூல்நிலையம் என்ன செய்கின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு வழிகாட்டத் தக்கவர் தமிழர் ஒருவரே. சீர்காழியிலே 1892இற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். வாசகர் அரிதாக வரும் அந்நூல்நிலையத்தில் தனித்திருக்கப் பொறாது, மீண்டும் வகுப்பறைக்கே செல்ல விரும்பினார் என்பர். பின்னர் இலண்டனுக்குச் சென்று நூலகவியல் கற்றார், அந்நாட்டு நூல்நிலையங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து, அவை எல்லாத் தரத்து மக்களுக்கும் பயன்படும் முறையை நேரிலே கண்டார், மனம் மாறினார். திரும்பி வந்தவர் நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். வாசகன் எதனைத் தேடுகின்றான் என்று கேட்டறிந்து உதவுதற்கு ஆள்களை அமர்த்தினார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக விதிகள் ஐந்தும் இன்று உலகெங்கும் நூலகவியல் மாணவர்க்குப் பாடமாயுள்ளன. அவற்றின் சாரத்தை ஆராயின், ஐந்தும் நூலைப் பற்றியன போலத் தோன்றினும், உண்மையில் வாசகனைப் பற்றியனவே என்பது புலனாகும். அவர் முன்னர் ஆசிரியராயிருந்தமை வீண்போகவில்லை போலும்.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலாளர் மாட்டுவண்டி ஒன்றை நூல்நிலையமாக அமைத்தார். மேலவாசல் என்னும் கிராமத்திலே தொடங்கிய அவ்வண்டி, சூழவுள்ள ஊர்களுக்கெல்லாம் நூல்களைச் சுமந்து சென்றது. வைக்கோலும் நெல்லும் ஏறிய வண்டியில் நூல் ஏறிற்று. வேறொன்றும் பெரிதாய் மாறவில்லை. புதுப்பணி தொடங்கப் பெரும்பொருள் வேண்டும், மேலிடத்து அனுமதி வேண்டும், மாடிக் கட்டடம் வேண்டும் என்று சொல்லிக் காலங் கழிப்போர் இவ்வண்டியை நினைத்தல் நன்று. 1948இற் சென்னை மாகாணத்திற் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது; சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. வண்டி முன்னே சென்றது. சட்டம் பதினேழு ஆண்டு கழித்துப் பின்னே வந்தது.

நம் யாழ்ப்பாணத்துக் கதையும் இதற்கு வேறானதன்று. கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் 1933இலே தம் இல்லத்தில் வைத்தே பிறர்க்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஓகஸ்டு முதலாந் திகதி ஆசுபத்திரி வீதியில், வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூல்நிலையம் திறக்கப்பெற்றது. 1935இல் அது நகர நிருவாகத்தின் பொறுப்பாயிற்று. பின்னெழுந்த பெருங் கட்டடத்துக்கு ஆலோசனை கூறியவர் மேற்குறித்த இரங்கநாதனே. வரைபடம் அமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். அது திறக்கப்பெற்றது 1959இல். சிறுவர் பகுதி சேர்ந்தது 1967இல். வீட்டுத் திண்ணையிலிருந்து மாளிகைக்கு இருபத்தாறு ஆண்டு. அம்மாளிகையில் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் 1981ஆம் ஆண்டு சூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் எரியூட்டப்பெற்ற வரலாற்றை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டடம் மீண்டும் எழுந்து இன்று இயங்குகின்றது. வேறெங்கும் பிரதியில்லாதவை மாத்திரம் மீளவில்லை.

இவ்விழப்பினின்று நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. ஓரிடத்தே குவித்து வைத்தவை ஓரிரவில் அழிந்தன. ஊருக்குள்ளே சிதறிக் கிடந்தவை தப்பின. கோயிற் கும்பாபிடேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, அந்தியேட்டியன்று உறவினர் கையிற் கொடுக்கும் கல்வெட்டு ஆகிய இவற்றை நூல் என்று மதிப்பார் முன்னாளிற் சிலரே. வீட்டுப் பரணிலும் பெட்டியடியிலும் கிடந்த இத்தகையவற்றையும் ஒரு பொருட்டாகக் கொண்டு திரட்டியது, 2005இலே தன்னார்வலர் சிலராற் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம். இன்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இயந்திரம் கண்டாற் பண்டிதர்கள் முகஞ் சுளிப்பர் என்று இளைஞர் எண்ணுகின்றனர். சுளிக்க வேண்டியதில்லை. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோதும் முகஞ் சுளித்தோர் இருந்திருப்பர். அச்சிட்டமையாலன்றோ பல நூல்கள் நம் கைக்கு வந்தன.

இனிப் பாடசாலைக்கு வருவோம். மாணவர்க்கு ஒப்படை கொடுக்கும் வழக்கம் நல்ல நோக்கத்தோடு வந்தது. இன்று அது எவ்வாறாயிற்று என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். பிள்ளை நேரே பிரதியெடுக்கும் கடைக்குச் செல்கின்றது, தலைப்பைச் சொல்கின்றது, கடைக்காரர் கணினியிலிருந்து நாலு பக்கம் அச்சிட்டுக் கொடுக்கின்றார், வண்ண உறை ஒன்றும் உண்டு. தந்தையார் பணங் கொடுக்கின்றார். ஆசிரியர் புள்ளி கொடுக்கின்றார். இதிற் கற்றவர் யாரேனும் உளரெனின் அவர் கடைக்காரரே. பிள்ளையைக் கடிந்து பயனில்லை. தேடுவது எப்படி என்று அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. இங்கேதான் நூல்நிலையம் கற்பிக்கும் இடமாதல் வேண்டும்.

ஒன்பதாந் தர வகுப்பொன்றுக்கு, உங்கள் ஊர்க் குளத்தின் வரலாற்றை எழுதுக என்று ஆசிரியர் ஒப்படை கொடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் அது கிடையாது. ஆசிரியர் முன்னரே நூலகரைக் கண்டு பேசியிருப்பின், நூலகர் பழைய மலர்கள், சஞ்சிகைகள், கல்வெட்டுகள் சிலவற்றை எடுத்து மேசைமீது வைத்திருப்பார். ஒரு மலர் குளம் வெட்டியது இன்ன ஆண்டு என்கின்றது. மற்றொன்று வேறோர் ஆண்டு கூறுகின்றது. இரண்டும் அச்சில் உள்ளன, எதனை நம்புவது? எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், கண்டு எழுதினாரா கேட்டு எழுதினாரா என்று பிள்ளைகள் வினவத் தொடங்குவர். பாடபேதம் நோக்கிப் பதிப்பித்த நம் முன்னோர் செய்த தொழிலும் இதுவன்றி வேறில்லை. அதன்பின் குளக்கட்டில் அமர்ந்திருக்கும் முதியோரிடஞ் சென்று கேட்டு எழுதுவர். எழுதியவற்றுள் நல்லன நான்கை நூல்நிலையம் வாங்கி, பெயரும் ஆண்டும் குறித்து, அடுக்கில் வைத்தல் வேண்டும். தான் எழுதியது நூல்நிலையத்தில் இருக்கின்றது என்று அறிந்த பிள்ளை அவ்விடத்தை மறவாது. அதன் தாய் தந்தையரும் ஒருமுறை வந்து பார்ப்பர்.

இதற்கு ஆசிரிய நூலகர் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவனம் அத்தகையோர்க்குப் பயிற்சி அளித்து வருகின்றது. பயின்று வந்தவரைப் பாடசாலை என்ன செய்கின்றது? வராத ஆசிரியரின் வகுப்புகளுக்கெல்லாம் அனுப்புகின்றது. நூலகக் கதவு அன்றும் பூட்டப்படுகின்றது. அதிபர்களின் இடர்ப்பாடு நமக்குத் தெரியாததன்று. ஆளில்லாத குறை மெய்யே. ஆயினும் விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு அவ்வாசிரியரை வேறு வகுப்புக்கு அனுப்பப் பின்னிற்கும் நாம், நூலகத்தின் பொருட்டு அவ்வாறு பின்னிற்பதில்லை.

ஊரிலே சனசமூக நிலையம் இல்லாத வட்டாரம் அரிது. அதன் வாசிகசாலையிற் காலையிற் பத்திரிகை வாசிக்கப் பெரியோர் கூடுவர். பத்து மணிக்குமேல் அது வெறுமையாய்க் கிடக்கும். பிரதேச சபை நூல்நிலையமோ அலுவலக நேரத்தோடு மூடப்படும். மாணவர் தனியார் வகுப்பு முடித்து வரும்போது நூலுள்ள இடம் மூடியிருக்கும். திறந்துள்ள இடத்தில் நூல் இராது. இவ்விரண்டையும் இணைத்தற்கு அரும்பெரு முயற்சி வேண்டியதில்லை. மாதம் இருமுறை நூறு நூல்களை ஒரு பெட்டியிலிட்டுச் சபை வாகனத்தில் வாசிகசாலைக்கு அனுப்பி, முன்னனுப்பிய நூறையும் மீட்டுக்கொண்டால் மன்னார்குடி வண்டி நம் ஊரிலும் ஓடியதாகும். நூல் தொலையும் என்பர். சில தொலையத்தான் செய்யும். கண் மங்கிய முதியோர்க்கு உயர்தர மாணவர் மாலையில் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டலாம். பழைய எழுத்தும் பழைய சொல்லும் அறிந்த அம்முதியோர் மாணவர்க்குத் திருப்பிச் சொல்லிக் கொடுப்பனவும் பல.

உள்ளூராட்சி மன்றங்கள் அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தை மார்கழியளவில் ஆராய்கின்றன. நூல் வாங்கும் தொகை அதில் ஒரு வரியாய் இடம்பெறும். பெட்டியைக் கொண்டுசெல்லும் எரிபொருளுக்கும், இரவு எட்டு மணிவரை நூல்நிலையத்தைத் திறந்து வைத்திருக்கும் ஊழியர் ஒருவரின் மேலதிக வேதனத்துக்கும் அங்கே வரி இல்லை. அதற்கு முன்பாகத் தத்தம் வட்டார உறுப்பினரைக் கண்டு இவ்விரண்டு வரிகளையும் சேர்க்குமாறு கேட்கும் பொறுப்பை ஆசிரியர் சங்கங்களும் வாசகர் வட்டங்களும் ஏற்பனவாக.