கேமரா பிடித்தவர் எங்கே நின்றார்?

1948 மே மாதக் கடைசியில் ஜெருசலேம் பழைய நகரின் யூதக் குடியிருப்பு, ஜோர்டானின் அரபு லீஜியன் படையிடம் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியைப் படமெடுத்தவர் 'லைஃப்' பத்திரிகையின் ஜான் பிலிப்ஸ். அவர் உடம்பில் இருந்தது அரபு லீஜியன் சீருடை. உள்ளே போக அதுதான் அவருக்கு அனுமதிச்சீட்டு. புகை சூழ்ந்த தெருவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அலறிக்கொண்டு ஓடுகிறாள். கிழவர்களும் கிழவிகளும் மூட்டை முடிச்சுகளோடு பிறந்த தெருவை விட்டு வெளியேறுகிறார்கள். படச்சுருள்களைத் தணிக்கையின் கண்ணில் படாமல் அவர் வெளியே கொண்டுபோனதால்தான் இவையெல்லாம் அச்சேறின.

அதே ஆண்டு, மறுபக்கத்தில், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களுடைய படங்கள் வேறு வழியில் நமக்கு வந்தன. 1950 மே மாதம் பணியைத் தொடங்கிய ஐ.நா.வின் அகதிகள் நிவாரண அமைப்பான 'அன்ர்வா', முகாம்களைத் தொடர்ந்து படமெடுத்தது. கூடார வரிசைகள், ரேஷனுக்கு நிற்கும் பெண்கள், திறந்தவெளிப் பள்ளிகள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களும் பிரதிகளும் கொண்ட அந்தச் சேமிப்பை 2009-இல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்த்தது. உயர்ந்த சேமிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் நன்கொடை தருபவர்களுக்குக் காட்டவும் எடுக்கப்பட்ட படங்கள் அவை. துயரத்துக்கு ஆளானவர்கள் அவற்றில் உதவி பெறுபவர்களாக மட்டுமே நிற்கிறார்கள். அவர்களை விரட்டியது யார், எப்படி என்ற கேள்வி படத்துக்கு வெளியே தங்கிவிட்டது.

பாலஸ்தீனர்களிடம் கேமரா இல்லாமல் இல்லை. ஜெருசலேமில் கலீல் ராத், பெத்லகேமில் கரிமே அப்பூத் என்று ஸ்டூடியோ வைத்திருந்த திறமைசாலிகள் 1948-க்கு வெகுமுன்பே இருந்தார்கள். அங்கே செய்திப்படக் கலைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் கலீல் ரஸ்ஸாஸ். அவருடைய படங்களில் ஒரு பகுதி போரின்போது எடுத்துச் செல்லப்பட்டு, இஸ்ரேல் ராணுவ ஆவணக் காப்பகத்துக்குள் போய்ச் சேர்ந்ததை ரோனா சேலா என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் தோண்டி எடுத்தார். தன் ஊரைப் பற்றித் தானே எடுத்த படம், எதிரியின் அலமாரியில், எதிரி எழுதிய குறிப்போடு இருக்கிறது.

குறிப்பு என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அரியெல்லா அஸூலே என்ற அறிஞர், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் காப்பகத்தில் அந்தக் கால இடம்பெயர்வுப் படங்களைப் பார்த்தார். காப்பகத்தின் குறிப்பை விட்டுவிட்டு, தான் எழுதும் விளக்கத்தோடு அவற்றைக் காட்சிக்கு வைக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. என்ன செய்தார்? படங்களைப் பார்த்துப் பென்சிலால் வரைந்து, கீழே தன் வரிகளை எழுதிக் கண்காட்சியில் வைத்தார். எழுபத்தைந்து ஆண்டுகளாக நடக்கும் படச் சண்டையில் பாதி, அந்தக் கீழ்வரிக்கான சண்டைதான்.

ஆறு நாள் போரில் இஸ்ரேல் பழைய நகரைப் பிடித்த 1967 ஜூன் 7-ஆம் தேதிப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இஸ்ரேலியப் படப்பிடிப்பாளர் டேவிட் ரூபிங்கர் அப்போது சினாய்ப் போர்முனையில், எல்-அரிஷில் இருந்தார். ஜெருசலேமில் ஏதோ நடக்கப்போகிறது என்று காதில் விழுந்ததும், காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டு பீர்ஷெபா வந்தார். அங்கே விட்டிருந்த தன் காரில் ஜெருசலேம் சேர்ந்தார். யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவருக்கும் எதிரே இருந்த வீடுகளுக்கும் நடுவே சுமார் மூன்று மீட்டர் சந்துதான். நின்றபடி எடுத்தால் சுவரின் உயரம் பிரேமுக்குள் அடங்காது. தரையில் படுத்தார். மூன்று பாராசூட் வீரர்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். மூன்று இளம் முகங்களும் மேலே எங்கோ நிமிர்ந்திருக்கின்றன.

ரூபிங்கருக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. சற்று நேரம் கழித்து ராணுவத் தலைமை ரப்பி ஷ்லோமோ கோரன், வீரர்களின் தோள்மீது ஏறிக் கொம்பு ஊதினாரே, அந்தப் படம்தான் நிற்கும் என்று நினைத்தார். இதுதான் நல்ல படம் என்று வீரர்களைச் சுட்டிக்காட்டியவர் அவர் மனைவி. போர்முனையில் இடம்கொடுத்த நன்றிக்காக நெகட்டிவை ராணுவத்திடம் கொடுத்தார். அது அரசின் செய்தி அலுவலகத்துக்குப் போய், மலிவு விலையில் ஊரெல்லாம் பரவி, ஒரு தேசத்தின் சொத்தாகிவிட்டது. எடுத்தவருக்கு அதில் மனத்தாங்கல்தான் மிஞ்சியது.

இனி அந்தச் சந்துக்குத் திரும்புவோம். ரூபிங்கரைத் தரையில் படுக்க வைத்த வீடுகள் மொராக்கோ குடியிருப்பைச் சேர்ந்தவை. சலாவுதீனின் மகன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்கென்று எழுதிவைக்கப்பட்ட இடம். ஜூன் 10-ஆம் தேதி இரவு புல்டோசர்கள் வந்தன. சில மணி நேர அவகாசத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ 135 வீடுகள் தரைமட்டமாயின. இன்று பக்தர்கள் கூடும் விசாலமான முற்றம் அப்படி வந்தது. அந்தப் புகழ்பெற்ற கோணத்தில் மறுவாரமே யாராலும் படமெடுத்திருக்க முடியாது, தேவையும் இருந்திருக்காது. ரூபிங்கரின் படம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று முகங்களின் வியப்பு நூற்றுக்கு நூறு உண்மை. வீடிழந்த குடும்பங்களும் உண்மை. ஒன்று சுவரொட்டியானது, மற்றொன்று ஆய்வுநூல்களின் அடிக்குறிப்பானது.

சொந்த அரசையே ஒரு படம் பிடித்துக் கொடுத்த கதையும் இந்த வரலாற்றில் உண்டு. 1984 ஏப்ரல் 12 இரவு, காஸாவைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் டெல் அவிவிலிருந்து அஷ்கெலோன் போன 300-ஆம் எண் பேருந்தைக் கடத்தினார்கள். விடியும்முன் ராணுவம் பேருந்துக்குள் புகுந்து பயணிகளை மீட்டது. மீட்பின்போது பயணிகளில் ஒரு பெண் இறந்தார். கடத்தியவர்கள் நால்வரும் கொல்லப்பட்டார்கள் என்று அறிவிப்பு வந்தது. 'ஹதஷோத்' நாளிதழின் அலெக்ஸ் லெவாக் எடுத்த ஒரு படம் வேறு கதை சொன்னது. அதில் கைவிலங்கு போட்ட ஓர் இளைஞனை இருவர் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். கண் திறந்திருக்கிறது. சொந்தக் காலில் நடக்கிறான். பத்திரிகை அந்த முகத்தைக் காஸாவில் காட்டி, கடத்தியவர்களில் ஒருவன்தான் என்று உறுதி செய்துகொண்டது. உயிரோடு பிடிபட்ட இருவரை உள்நாட்டு உளவு அமைப்பான ஷின் பெத்தின் ஆட்கள் அடித்துக் கொன்றிருந்தார்கள். விசாரணைக்குழு அமைக்கப்பட்ட செய்தியைத் தணிக்கையை மீறி வெளியிட்டதற்காக 'ஹதஷோத்' சில நாட்கள் மூடப்பட்டது. மூடி மறைக்கும் வேலை இரண்டு ஆண்டுகள் நடந்தது. 1986-இல் ஷின் பெத் தலைவர் அவ்ராஹம் ஷாலோம் பதவி விலகினார். அவருக்கும் சிலருக்கும் குடியரசுத் தலைவர் ஹைம் ஹெர்ட்சோக் விசாரணைக்கு முன்பே மன்னிப்பு வழங்கினார். லெவாக்குக்கு 2005-இல் நாட்டின் உயரிய 'இஸ்ரேல் விருது' கிடைத்தது.

இந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. கடத்தல்காரர்கள்மேல் அன்று அந்த நாட்டில் யாருக்கும் இரக்கம் இருந்திருக்காது. லெவாக்குக்கும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எதிரே நடந்தது படச்சுருளில் விழுந்தது. பத்திரிகை அதை விடவில்லை. படப் பத்திரிகையியலிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

2000 செப்டம்பர் கடைசிக்கு வருவோம். பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சியான இரண்டாம் இண்டிஃபாதா தொடங்கிய வாரம். தடியோடு ஓர் இஸ்ரேலியக் காவலர் கத்துகிறார், அவர் முன்னால் முகமெல்லாம் ரத்தமாக ஓர் இளைஞர். ஏ.பி. ஏஜென்சி வழியாக வந்த அந்தப் படத்தை 'நியூயார்க் டைம்ஸ்' உள்ளிட்ட பத்திரிகைகள், கோயில் மலையில் காவலரும் பாலஸ்தீனரும் என்ற குறிப்போடு அச்சிட்டன. படத்தின் பின்னணியில் பெட்ரோல் பங்க் தெரிகிறது. ஜெருசலேமின் புனிதத் தலமான கோயில் மலையில் ஏது பெட்ரோல் பங்க்? ரத்தத்தோடு இருந்தவர் சிகாகோவிலிருந்து படிக்க வந்த யூத மாணவர். ஓர் அரபுக் கும்பல் அவரைக் காரிலிருந்து இழுத்து அடித்தது. காவலர் கத்தியது அந்தக் கும்பலைப் பார்த்து. பத்திரிகை திருத்தம் போட்டது. ஆனால் அந்தப் பெட்ரோல் பங்க்கை டெஸ்க்கில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ரத்தம் கண்டால் பாலஸ்தீனர், தடி கண்டால் கொடுமைக்காரர் என்று கண் பழகிப்போனதன் விளைவு.

அந்தப் படம் அச்சான செப்டம்பர் 30-ஆம் தேதியே காஸாவின் நெட்சாரிம் சந்திப்பில், சிமென்ட் உருளை ஒன்றின் பின்னால் தந்தையும் மகனும் ஒடுங்கியிருந்ததை 'ஃபிரான்ஸ் 2' தொலைக்காட்சிக்காகத் தலால் அபு ரஹ்மா படமெடுத்தார். சிறுவன் முகமது அல்-துர்ரா. வயது 12. இஸ்ரேல் ராணுவம் முதலில் வருத்தம் தெரிவித்தது. பிறகு சுட்டது யார் என்ற சர்ச்சை எழுந்தது. எல்லாமே நாடகம் என்றுகூட ஒரு தரப்பு கிளம்பியது. பிரெஞ்சு நீதிமன்றங்களில் 2013 வரை அவதூறு வழக்கு இழுத்தது. மகனை இழந்த தந்தை, மகன் செத்ததை நிரூபிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். ஒரு படக்குறிப்புப் பிழை நேர்ந்தால் அதைக் காட்டி நூறு உண்மைப் படங்களை மறுக்கலாம் என்ற பழக்கம் அன்றே வேர்விட்டது. 2006-இல் லெபனான் போரின்போது, கணினியில் புகையைக் கூட்டியதற்காக ராயிட்டர்ஸ் ஒரு படப்பிடிப்பாளரை விலக்கி, அவருடைய 920 படங்களைத் தன் சேமிப்பிலிருந்து நீக்கியது. சரியான முடிவு. அந்தப் புகையால் அதற்குப் பிறகு எத்தனை பேரின் உழைப்பு சந்தேகத்துக்கு உள்ளானது என்பதற்குக் கணக்கில்லை.

இதற்கிடையே பெரிய மாற்றம் ஒன்று சந்தடியில்லாமல் நடந்திருந்தது. பிலிப்ஸும் போர்ப் படப்பிடிப்பாளர் ராபர்ட் கபாவும் வந்தார்கள், எடுத்தார்கள், விமானம் ஏறினார்கள். 1987-இல் முதல் இண்டிஃபாதா வெடித்த பிறகு ஏஜென்சிகள் உள்ளூர்க்காரர்களைச் சேர்க்கத் தொடங்கின. காஸா அடைபட அடைபட, அந்த உள்ளூர்க்காரர்தான் உலகத்தின் கண் என்றானது. 2008 ஏப்ரலில் ராயிட்டர்ஸின் ஃபதேல் ஷனா தூரத்து டாங்க் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். அது அவரை நோக்கிச் சுட்டது அவர் கேமராவில் பதிந்த கடைசிக் காட்சி. 2018-இல் எல்லைப் போராட்டத்தில் காஸா படப்பிடிப்பாளர் யாசர் முர்தஜா சுட்டுக் கொல்லப்பட்டார்.

2023 அக்டோபர் 7 காலை, கஃபார் அஸா கிபுட்ஸில் வசித்த 'ஒய்நெட்' படப்பிடிப்பாளர் ரோயீ இதான், வானில் பாராகிளைடர்களில் தாக்க வந்த ஹமாஸ் ஆட்களைப் படமெடுத்தார். சற்று நேரத்தில் அவரும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். சிறு மகள் பணயமாகக் கடத்தப்பட்டாள். நஹல் ஓஸில் யானிவ் ஸோஹர், மனைவியோடும் இரண்டு மகள்களோடும் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஏ.பி.க்காகப் பல ஆண்டுகள் காஸா எல்லைச் செய்திகளைப் படமெடுத்தவர் அவர். அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள், 251 பேர் கடத்தப்பட்டார்கள்.

பத்து நாள் கழித்து கான் யூனிஸின் நாசர் மருத்துவமனைப் பிணவறை. ராயிட்டர்ஸின் முகமது சலேம் எடுத்த படத்தில் ஒரு பெண் குந்தியிருக்கிறார். மடியில் கஃபன் துணியில் சுற்றிய ஐந்து வயதுக் குழந்தை, அவருடைய சகோதரரின் மகள். பெண்ணின் முகம் முழங்கை மடிப்பில் புதைந்திருக்கிறது, குழந்தையின் முகம் துணிக்குள். ஒரு முகம்கூடத் தெரியாத அந்தப் படத்துக்கு 2024-இல் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' ஆண்டின் சிறந்த படம் என்ற விருது கிடைத்தது. அதை எடுப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் சலேமின் மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. 2025 ஆகஸ்ட் 25-இல் அதே மருத்துவமனை தாக்கப்பட்டபோது ஐந்து பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். ஏ.பி.க்குப் படமெடுத்துவந்த மரியம் தக்கா அவர்களில் ஒருவர். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து வேறெந்தப் போரிலும் இத்தனை பத்திரிகையாளர்கள் செத்ததில்லை. காஸாவின் மொத்த உயிரிழப்பு 60,000-ஐத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் 2025-இல் சொன்னது.

உள்ளிருந்து எடுப்பவருக்கு ஒரு பலவீனமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹமாஸ் ஆளும் இடத்தில் குடியிருந்துகொண்டு ஹமாஸின் ஆயுதத்தை விருப்பம்போலப் படமெடுக்க முடியாது. காஸாப் படங்களில் போராளிகள் அரிதாகவே தென்படுவது இதனாலும்தான். ஹமாஸ் தலைவர் ஒருவருடன் எடுத்துக்கொண்ட படம் வெளியானதும் ஏ.பி.யும் சி.என்.என்.னும் ஒரு சுயேச்சைப் படப்பிடிப்பாளரோடு உறவை முறித்துக்கொண்டன. இதற்கு மருந்து வெளிக் கண்களையும் உள்ளே விடுவது. அதைத்தான் இஸ்ரேல் செய்யவில்லை. 2023 அக்டோபர் முதல் இரண்டு ஆண்டுகள் கடந்தும் ராணுவத்தின் துணையோடு போய்வருவதைத் தவிர வெளிநாட்டுப் பத்திரிகையாளர் யாரும் காஸாவுக்குள் தனியே நுழைய அது அனுமதி தரவில்லை. உள்ளூர்க்காரர் படத்தை நம்ப முடியாது என்பதும், வெளியூர்க்காரரை விடமாட்டோம் என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால் அதன் பொருள், எதையும் பார்க்க வேண்டாம் என்பதே.

பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இஸ்ரேலிலேயே இருக்கிறார்கள். 2025 மார்ச் முதல் டெல் அவிவில் வாரந்தோறும் சிலர், காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் படங்களை ஏந்தி, வாய் திறக்காமல் நின்றுவந்தார்கள். அவை சாவைக் காட்டும் படங்கள் அல்ல. உயிரோடு இருந்தபோது வீட்டில் எடுத்தவை.

நம் நாளிதழ்களின் வெளிநாட்டுப் பக்கத்தில் இந்தப் படங்கள் வருகின்றன. கீழே பெரும்பாலும் ஏஜென்சியின் பெயர் மட்டும் இருக்கும், பல நேரம் அதுவும் இருக்காது. ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: எடுத்தவரின் பெயரையும், எடுத்த இடத்தையும், தேதியையும் சேர்த்துப் போடுங்கள். மூன்றும் ஏஜென்சி அனுப்பும் குறிப்பிலேயே இருக்கின்றன.