கடைசி சைக்கிள்



சென்ற பள்ளி விடுமுறையில் பினாங்குத் தீவைச் சைக்கிளில் சுற்றப் புறப்பட்டோம். மொத்தம் பன்னிரண்டு பேர். முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர்கள் நானும் என் மனைவியும்தான்.

ஜார்ஜ்டவுனிலிருந்து தெலுக் பகாங் வரை கடலோரச் சாலை. கதை பேசிக்கொண்டே போய்விட்டோம். அணைக்கட்டைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு ஏற்றம். இளைஞர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். மனைவி இறங்கித் தள்ளினாள். எனக்கோ ரோஷம்! அவளை விட்டுவிட்டு மிதித்தேன். இரண்டே வளைவுதான், நெஞ்சு படபடக்கச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் வந்த வழிகாட்டி தண்ணீர் கொடுத்தார். "ஐயா, கடைசி ஆளின் வேகம்தான் நம் கூட்டத்தின் வேகம். தள்ளிக்கொண்டு வந்தால் என்ன குறைச்சல்?" என்றார்.

அதற்குள் மனைவி வந்து சேர்ந்தாள். தோட்டத்தில் பால் வாளியோடு மேடு ஏறிப் பழகியவள் அல்லவா! மூச்சு வாங்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்தே தள்ளினோம். தித்தி கெராவாங் பழக்கடைகளில் எல்லாரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஜாதிக்காய்ச் சாறு அமிர்தமாக இருந்தது.

அப்புறம் பாலிக் புலாவுக்கு இறக்கம். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து மெதுவாக இறங்கினோம்.

நீங்களும் போகிறீர்களா? கட்டணத்தைக் கேட்குமுன் ஒன்று கேளுங்கள்: "கடைசி சைக்கிளுக்குப் பின்னால் யார் வருவார்?"