ஆராய்ச்சியின் மறுபாதி

1918-ஆம் ஆண்டில் குன்னூரில் மருத்துவர் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய உணவாராய்ச்சி, 1958-இல் ஐதராபாத்திற்கு வந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்து நிலைகொண்டது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, அதனைப் பேரளவில் புகட்டும் முறையை அதன் விஞ்ஞானிகள் சோதித்தனர். ஆறு மாதங்களுக்கொரு முறை 2 இலட்சம் யூனிட் வழங்கும் தேசியத் திட்டம் 1970-இல் பிறந்தது.

ஆயினும், ஆய்வுக்கூடத்தில் தெளிந்த உண்மை தானாக நடந்து கிராமத்தை அடைவதில்லை. அந்தியில் தடுமாறும் குழந்தையைப் பற்றிக் கேள்வியுறுபவர் ஊர் ஆசிரியர். தவணை தவறிய வீட்டை அறிபவர் கள ஊழியர். அவர்தம் குறிப்பேடும் ஆராய்ச்சி ஏடே. அதனைக் கேட்டுப் பெறுதல் ஆய்வுக் குழுக்களின் கடமை. பிழையின்றி எழுதி வைத்தல் இவர்களது கடமை. இரண்டில் ஒன்று தவறினும் இழப்பு குழந்தையின் கண்ணுக்கே.