டிக்கியில் ஒரு படகு

மரங்களைக் கயிற்றால் கட்டினால் படகு. கரை திரும்பி அவிழ்த்தால் தோளில் தூக்கிப்போகும் சுமை. மாமல்லபுரம் கரை கண்ட கட்டுமரம் அப்படித்தான். ஆங்கிலத்தின் ‘கேட்டமரான்’ அதிலிருந்து பிறந்த சொல்தான்.

இன்று கார் டிக்கியில் அடங்கும் காற்றடைத்த படகுகள் கிடைக்கின்றன. பிள்ளைகளோடு தூண்டில் போட ஆசைப்படுபவர்கள் விலைக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று.

காற்றறை: ஒரே அறை என்றால் தூண்டில் முள் குத்தினாலே ஆபத்து. தனித்தனி அறைகள் இருந்தால், ஒன்று இறங்கினாலும் மற்றவை மிதக்கவைக்கும்.

எடை: படகு தாங்கும் எடையில் ஆட்களோடு சாப்பாட்டுப் பை, ஐஸ்பெட்டியும் சேர்த்தி.

லைஃப் ஜாக்கெட்: பெரியவர்களுடையது குழந்தைக்குத் தலைவழியே கழன்றுவிடும். குழந்தையின் எடைக்கேற்ற அளவில், கால்களுக்கிடையே வார் உள்ளதே நல்லது.

கடல் மட்டும் வேண்டாம். காலையில் அமைதியாகத் தெரிந்தாலும், தரைக்காற்று லேசான படகை உள்ளே தள்ளிவிடும். அனுமதி உள்ள ஏரியில் கரையோரமே போதும்.

வாங்கும் முன் முட்டுக்காடு அல்லது முதலியார்குப்பம் படகு குழாமில் பிள்ளைகளை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நடுவில் எழுந்து நிற்காமல் உட்காரப் பழகட்டும். சொந்தப் படகு அப்புறம்.